களத்தில் நான்கு எலுமிச்சம்பழங்கள்

நாம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பை விட்டு வெளியேறிப் பழகியவர்கள். அடுத்து வருபவருக்கு நம் எழுத்து மிச்சமாக நிற்கக் கூடாது என்பது நமக்குள் யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு. அவ்வாறு துடைக்காமல் விட்ட இடம் ஒன்று என் வாழ்வில் உண்டு. நமது ஓய்வுபெற்ற ஆசிரியர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, கல்லூரி முதல்வராக நான் ஆற்றிய உரைகளுள் ஒன்றைத் தருவதாகத்தான் முதலில் சொன்னேன். பின்பு மனம் மாறிற்று.

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என் சித்தப்பாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவர் விமானப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். அதிலும் வான்சாகசக் காட்சி அணியில் நெடுங்காலம் பறந்தவர். எண்பதைக் கடந்துவிட்டார். ஒரு காது கேட்பதில்லை. அவரை அறிமுகம் செய்த பேச்சாளர், நாட்டுக்காக இல்லற வாழ்வையே துறந்தவர் என்று முழங்கினார். மாணவர்கள் கைதட்டினார்கள். மேடையில் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருந்த நானும் தட்டினேன். அது உண்மையன்று என்பது அந்த அரங்கில் இருவருக்குத் தெரியும். அவர் எதையும் துறக்கவில்லை. நிச்சயமாகவிருந்த திருமணம் ஒன்று நின்றுபோனது. நின்றதற்கு நான் காரணம். அப்போது நான் பத்து வயதுச் சிறுமி.

எங்கள் ஊர் குன்னத்துக்கு அருகில், பருத்தியும் சின்ன வெங்காயமும் மழையை நம்பி விளையும் கரிசல் பூமியில் உள்ளது. அப்போது எல்லாம் திருச்சி மாவட்டம். பொங்கல் கழிந்து பருத்தி வெடித்துக்கொண்டிருந்த நாட்களில் சித்தப்பா இரண்டு மாத விடுப்பில் வந்தார். பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று பஸ்ஸின் கூரையிலிருந்து இறங்கியது. அதைத் திறந்ததும் வீடு முழுவதும் மண்ணெண்ணெய் மணந்தது. அவருடைய சட்டைகளை அம்மா மூன்று தண்ணீர் மாற்றி அலசியும் அந்த மணம் போகவில்லை. "உங்க சட்டைய அடுப்புப் பக்கம் கொண்டு வராதீங்க தம்பி, பத்திக்கப் போவுது" என்பார் அம்மா. பெட்டியின் ஓரத்தில் வெண்ணிறத் தோல் கையுறை ஒரு சோடி இருந்தது. உள்ளங்கைப் பகுதி தேய்ந்து மெழுகுபோல் ஆகியிருந்தது. அதைத் தொட எனக்கு அனுமதி உண்டு, அணிய இல்லை.

அவரால் சும்மா இருக்க முடியாது. மோர் நிறைந்த டம்ளரைப் புறங்கையில் நிறுத்திக்கொண்டு கூடத்திலிருந்து கொல்லை வரை போய்த் திரும்புவார். ஒரு துளி சிந்தினால் மறுபடியும் முதலிலிருந்து. ஏரியில் எஞ்சியிருந்த தண்ணீரின் ஓரத்தில் அமர்ந்து, தட்டான்கள் நின்ற இடத்திலேயே நிற்பதையும் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கிப் போவதையும் மணிக்கணக்காகப் பார்ப்பார். கல்யாண வயது வந்த ஒருவர் பூச்சி பார்த்துக்கொண்டிருப்பது என் தந்தையாருக்குச் சரியாகப் படவில்லை.

தந்தையார் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தம்பி பனிமலைகளில் நிற்கும் வீரர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு செல்கிறார் என்று அவர் ஊருக்குச் சொல்லியிருந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்பு வரை அது உண்மைதான். அதன் பிறகு சித்தப்பா காட்சி அணிக்கு மாற்றப்பட்டார். நான்கு ஹெலிகாப்டர்கள் அருகருகே பறந்து வருவது, மூக்கை நிமிர்த்தி மேலேறி உச்சியில் ஒருபுறமாகச் சாய்ந்து வந்த வழியே இறங்குவது, பின்னோக்கிப் பறப்பது, நான்கு திசைகளிலிருந்து ஒரே புள்ளியை நோக்கி விரைந்து வந்து மயிரிழையில் கடந்து போவது ஆகியவை அவ்வணியின் வேலை. இந்த மாற்றத்தைத் தந்தையார் ஊருக்குச் சொல்லவில்லை. அரசாங்கச் சம்பளத்தில் ஆகாயத்தில் கூத்தாடுகிறான் என்று ஊர் பேசும் என்பது அவருடைய அச்சம்.

"குட்டிக்கரணம் போடறதுக்குச் சம்பளமான்னு கேப்பாங்கடா. மருந்து கொண்டு போறேன்னே இருக்கட்டும்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது.

"குட்டிக்கரணம் இல்லண்ணே. இந்த மெஷின் அது போடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு சித்தப்பா ரசம் கேட்டார்.

மதிப்பைக் காப்பதற்காக உண்மையின் ஒரு பாதியை மட்டும் வெளியில் வைப்பது எங்கள் குடும்பத்தின் குணம். அதில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது.

அவ்வாண்டுதான் சித்தப்பா அணியின் முதலாம் எண்ணாக, அதாவது தலைவராக, ஆகியிருந்தார். விடுப்பு முடிந்து போனதும் பெரிய காட்சி ஒன்று இருந்தது. அவ்வணிகளில் ஒரு வழக்கம் உண்டு. பறப்பதற்கு முன்னால் நால்வரும் வெறுந்தரையில் காட்சி முழுவதையும் நடந்து பார்ப்பார்கள். தலைவர் எண்ணிக்கை சொல்வார்; மற்றவர்கள் அதற்கேற்பத் திரும்புவார்கள், சாய்வார்கள், பின்வாங்குவார்கள். விடுப்பிலும் அவர் இதை விடவில்லை. ஊருக்கு வெளியே, சோளம் அடித்து ஓய்ந்திருந்த எங்கள் களத்தில் நாள்தோறும் விடியற்காலையில் ஒத்திகை நடந்தது. எண்ணிக்கைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதால் என்னை அழைத்துப் போனார். நான் நாலாம் எண். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் இருப்பதாகவே இடம் விட்டு நடப்போம்.

அவர் நடப்பது பார்க்க விசித்திரமாக இருக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். இடக்கை தொடையருகில் ஒரு நெம்புகோலைப் பற்றியதுபோல் ஏறி இறங்கும். வலக்கை வயிற்றுக்கு முன்னால் ஒரு தண்டைப் பிடித்ததுபோல் அங்குலக் கணக்கில் அசையும். பாதங்கள் மிதியை அழுத்துவதுபோல் மாறி மாறி ஊன்றும். உதடுகள் ஆங்கிலத்தில் எண்களை முணுமுணுக்கும். திடீரென்று பின்னோக்கி நடப்பார். களத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு ஓட்டாஞ்சில்லுகளை வைத்திருப்பார். அவை நால்வரும் புறப்படும் இடங்கள். நடுவில் குச்சியால் கீறிய ஒரு புள்ளி. அது கடக்கும் இடம்.

ஒத்திகை முடிந்ததும் இரண்டு கடமைகள் இருந்தன. முதலாவது, அவரவர் பிழையை அவரவரே வாய்விட்டுச் சொல்வது. கடைசி எண்ணிலிருந்து தொடங்கும். "நாலு?" என்பார். பிந்திவிட்டேன் என்றோ, இடம் மாறித் திரும்பினேன் என்றோ சொல்வேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்தவர் பிழையைப் பற்றி எவரும் பேசக் கூடாது என்பது விதி. பிறகு "மூணு?" என்று கேட்டு, இல்லாத ஆளுக்குரிய நேரம் காத்திருப்பார். "ரெண்டு?" மீண்டும் காத்திருப்பார். இறுதியில் "ஒண்ணு" என்று தம் பிழையைச் சொல்வார். அநேகமாக அவருடைய பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

இரண்டாவது, தரையைப் பொறுக்குவது. ஹெலிகாப்டரின் காற்றில் ஒரு துணித்துண்டு மேலே எழும்பினாலும் இயந்திரம் கெட்டு ஆள் போய்விடுமாம். "நாலுதான் கடைசியாத் தரைய வுட்டு வரணும். ஒரு ஓட்டாஞ்சில்லு கெடக்கக் கூடாது" என்பார். அந்தப் பொறுப்பில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

அந்த விடுப்பில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். அரியலூர்ப் பெண், ஆசிரியர் பயிற்சி முடித்தவர். தகப்பனார் ரயில்வேயில் இருந்தார். சாதகம் பார்த்தாயிற்று, புகைப்படங்கள் மாறின. அப்படத்தை சித்தப்பா சவரக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். "எதப் பாத்துத் தம்பி சவரம் பண்றீங்க? கன்னத்துல ரெண்டு எடத்துல கீறியிருக்கே" என்று அம்மா கேலி செய்தார். விடுப்பு முடிவதற்குள் நாள் குறித்துவிட வேண்டும் என்று சித்தப்பா தாமாகவே தந்தையாரிடம் போய்ச் சொன்னார். அண்ணனிடம் அவர் ஒன்றைக் கேட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன் பெண் வீட்டார் ஒரு நாள் சொல்லாமல் வருவார்கள். டீக்கடையில் விசாரிப்பார்கள், கிணற்றடியில் விசாரிப்பார்கள், பிறகே வீட்டுக்கு வருவார்கள். வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

களத்தில் குச்சியால் கீறிய புள்ளி சரியாகத் தெரியவில்லை என்று சித்தப்பா ஒரு நாள் சலித்துக்கொண்டார். மறுநாள் நான் அவருக்கு முன்பே எழுந்து களத்துக்குப் போனேன். அம்மாவின் கோலமாவை எடுத்துக்கொண்டேன். ஓட்டாஞ்சில்லு அழகாக இல்லை என்று ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். நடுப்புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று சாமி மாடத்திலிருந்த பித்தளைக் குங்குமச்சிமிழையும் எடுத்துக்கொண்டேன். வெள்ளை மாவில் பெரிய வட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நான்கு திசையிலும் நான்கு மஞ்சள் பழங்கள், நடுவில் கையகலத்துக்குச் சிவப்பு. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாத் தெரியுது, நாலு" என்றார். எங்கள் இருவருக்கும் அதில் வேறு எதுவும் தெரியவில்லை. அவர் அதைக் காட்சித் திடலாகக் கண்டார். நான் என் கைவேலையாகக் கண்டேன்.

ஒத்திகை முடிந்து, பிழை சொல்லி முடித்து, அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். நான் தரையைப் பொறுக்கவில்லை. என் வகுப்பில் ஒரு பெண், உன் சித்தப்பா வெறும் டிரைவர்தானே என்று சொல்லியிருந்தாள். அவளை அழைத்து வந்து காட்டிவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்று ஊருக்குள் ஓடினேன்.

திரும்பி வந்தபோது, பருத்தி எடுக்கப் போன பெண்கள் சேலையை மடியாகக் கட்டியபடி களத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் வட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அவர்களுக்கு நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய மூன்று அயலூர்க்காரர்கள். முதல் பஸ்ஸில் வந்திறங்கி, குறுக்குப் பாதையில் வந்தவர்கள். கூட்டத்தில் மூத்தவளான ஒரு பருத்திக்காரி அவர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெரிய வாத்தியாரு தம்பிதாங்க. தெனம் வெடியக்காலைல இங்க வந்து ஆடுறாரு. கண்ணு சொருவிப் போயிருக்கும். கையி ரெண்டும் எதையோ புடிச்சாப்ல இருக்கும். வாயி முணுமுணுங்கும். நாங்க அந்தாண்ட ஓரமாவே போயிருவோம்."

"எங்க வேல பாக்குறாராம்?" என்றார் மூவரில் முதியவர்.

"ஆகாசத்துலன்னு சொல்லிக்கிறாங்க."

என் வகுப்புத் தோழி மெல்ல என் கையை விட்டுவிட்டாள். நான் வரப்பு வழியே வீட்டுக்கு ஓடினேன். குங்குமச்சிமிழ் பாவாடை மடியில் இருந்தது. கொல்லையிலிருந்த வைக்கோல் போரில் அதைச் செருகினேன். பின்னர் எத்தனையோ முறை தேடியும் அது கிடைக்கவில்லை.

அந்த மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். முற்றத்தில் நாற்காலி போடப்பட்டது. அம்மா கொண்டு வந்த காப்பியை வாங்கி வைத்தார்கள், குடிக்கவில்லை. நான் கூடத்துக் கதவின் பின்னால் நின்றேன். பெண்ணின் தகப்பனாரான ரயில்வேக்காரர் பண்பாகத்தான் கேட்டார்.

"தம்பி, அந்தக் களத்துல கோடு போட்டது நீங்களா?"

"ஆமாங்க."

"எலுமிச்சம்பழம்?"

சித்தப்பா ஒரு கணம் தயங்கினார். "அதுவும் நம்ம வேலைக்கு உள்ளதுதாங்க."

"குங்குமம்?"

"என் பொறுப்புதாங்க."

நான் வெளியே வந்து, நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பத்து வயதுப் பெண்ணின் விளையாட்டு என்று சிரித்திருப்பார்கள். ஆனால் கோலமாவும் பழமும் சாமிச் சிமிழும் கேளாமல் எடுத்தவள் என்று தலைமையாசிரியர் மகளுக்குப் பெயர் வரும். நான் கதவின் பின்னாலேயே நின்றேன். தந்தையாரும் பேசியிருக்கலாம். தம்பி காட்சிப் பறப்புக்காரன், இது அவனுடைய ஒத்திகை என்று சொன்னால் போதும். ஆனால் அதே மூவரிடமும் தரகர் மூலம் பனிமலை, மருந்து என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை.

சித்தப்பாதான் சொன்னார்: பறப்பதற்கு முன் நடந்து பார்ப்பது வழக்கம் என்றும், காட்சிக்கான பயிற்சி என்றும்.

"எங்க, ஒரு தடவ நடந்து காட்டுங்க தம்பி" என்றார் ரயில்வேக்காரர். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ள விரும்பினார் என்றே இன்று எண்ணுகிறேன்.

சித்தப்பா எழுந்தார். முற்றத்தின் நடுவில் நின்று கண்களைப் பாதி மூடினார். இடக்கை ஏறியது. வலக்கை முன்னால் வந்தது. முணுமுணுத்தபடி நடந்தார், சுழன்றார், சாய்ந்தார், துளசிமாடத்தை உரசாமல் பின்னோக்கிப் போனார். வாசலில் கூடிவிட்ட பருத்திப் பெண்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அன்று அவர் செய்ததுபோல் பிசகில்லாத ஒத்திகையை நான் அந்தப் பருவம் முழுவதும் பார்க்கவில்லை. நிச்சயமாகவிருந்த ஒரு பெண்ணுக்காக அவர் அதைச் செய்தார். முடிந்ததும் பழக்கத்தால் நிமிர்ந்து நின்று கேட்டார்.

"நாலு?"

கதவின் பின்னால் நின்ற எனக்கு அது கேட்டது. அவர் காத்திருந்தார்.

"மூணு?"

மீண்டும் காத்திருந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு?"

ரயில்வேக்காரர் எழுந்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாதவர்களை எண் சொல்லி அழைக்கும் ஒருவருக்குப் பெண் கொடுக்க எந்தத் தகப்பனும் துணிய மாட்டார். "சரிங்க தம்பி. உத்தியோகம் பெரிய உத்தியோகம். எங்க பொண்ணு பயந்த பொண்ணு" என்றார். வாசல்படியில் தந்தையாரைப் பார்த்துக் கைகூப்பினார். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. ‘ஒண்ணு’ சொல்ல சித்தப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்று பிற்பகல் அவரே களத்துக்குப் போய்ப் பழங்களை எடுத்து, கோடுகளைக் காலால் தேய்த்து அழித்தார். என்னை அழைக்கவில்லை, கேட்கவும் இல்லை. மூன்று நாட்கள் கழித்து ஊறுகாய் போட உட்கார்ந்த அம்மா பழங்களை இரண்டு முறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு நறுக்கத் தொடங்கினார். சாதகத்தில் ஒரு பொருத்தம் விட்டுப்போயிருக்கிறது என்று அரியலூரிலிருந்து கடிதம் வந்தது. சித்தப்பா விடுப்பு முடிவதற்குப் பத்து நாள் முன்னதாகவே புறப்பட்டார். சவரக் கண்ணாடியை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனார். சட்டத்தில் படம் இல்லை.

அவர் மேலும் பல்லாண்டுகள் பறந்தார். பின்னர் இளைஞர்களைப் பழக்கும் பணியில் இருந்தார். அவர் பழக்கிய அணிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் நேரவில்லை என்று அவருடைய பிரிவு உபசாரப் பத்திரத்தில் எழுதியிருந்தது. தந்தையார் இறுதிவரை மருந்து கொண்டு போகிறவர் என்றே சொல்லிவந்தார். பிறகு வந்த பெண்களின் படங்களைச் சித்தப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். நான் படித்தேன், கல்லூரியில் சேர்ந்தேன், முதல்வரானேன். விடைத்தாளில் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதிய மாணவியரிடம், தவற்றைத் தானாக ஒப்புக்கொள்பவளுக்குத் தண்டனை பாதி என்று சொல்வது என் வழக்கம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பெரம்பலூர் விழா முடிந்ததும் அவர் அரியலூரில் ரயில் ஏற வேண்டியிருந்தது. நானும் காரில் உடன் போனேன். வழியெங்கும் சிமெண்டு லாரிகள். கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி அவர் அமர்ந்திருந்தார். கைகள் முழங்கால்களின் மேல் இருந்தன. இப்போது அவை நடுங்குகின்றன. பேச்சாளரைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"நாலு?"

பல்கலைக்கழகக் குழுக்களில் தடுமாறாமல் பதில் சொன்னவள் நான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"எலுமிச்சம்பழம் நான் வெச்சது. குங்குமமும் நாந்தான். பொறுக்காம வுட்டேன். அவங்க கேட்டப்போ கதவுக்குப் பின்னாடி நின்னேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. விதி அப்படி.

"மூணு" என்றார். காத்திருந்தார். "ரெண்டு" என்றார். ஒரு லாரி கடந்து போகும் வரை காத்திருந்தார்.

"ஒண்ணு. தலைவன் திரும்பிப் பாத்துட்டுத்தான் தரைய வுட்டுப் போவணும். நான் பாக்கல."

ரயில் நிலையத்தில் அவர் ஏற வேண்டிய ரயில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டியின் மூடி கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குனிய முயன்றார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. என் பழைய மாணவியர் இருவர் சற்றுத் தள்ளி நின்று வணக்கம் சொல்லியிருந்தார்கள். பிறர் பார்க்கப் பொது இடத்தில் குனிவது என் வழக்கமன்று. குனிந்து எடுத்தேன்.

எடுக்காமல் விட்டது இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் காரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நான் முதல்வரான புதிதில், கடைசி மகளைக் கல்லூரியில் சேர்க்க அரியலூரிலிருந்து ஒரு தாய் வந்தார், பள்ளி ஆசிரியை. என் மேசைக்கு எதிரில் நின்றபடியே என் சொந்த ஊரைக் கேட்டார். பிறகு, ஆகாசத்தில் வேலை பார்த்தவர் உங்கள் சித்தப்பாதானே என்றார். நான் ஆம் என்றேன். அவர் சொன்னது இது:

"எங்கப்பா அன்னைக்கு வூட்டுக்கு வந்து, அவரு நடந்த மாதிரியே நடந்து காட்டுனாருங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் புடிச்சிருந்துச்சு. என்னைய யாரு கேட்டா?"

நான் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னேன்.

இம்மலரின் படி ஒன்றை என் சித்தப்பாவுக்கு அனுப்பிவைக்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முகவரியைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.